உயிரணுவில் பூட்டும் நுகம்
சிட்ரேட் சிந்தேஸ் என்னும் நொதியும் கறவை மாட்டின் கீட்டோன் நோயும்

நன்றாகக் கறக்கும் பசு, கன்று ஈன்ற மூன்றாம் வாரத்தில் வெளிப்படையான காரணம் ஒன்றுமின்றிப் புண்ணாக்கையும் தவிட்டையும் வெறுப்பதும், வைக்கோலை மாத்திரம் சிறிது கடித்துவிட்டு நிற்பதும், நாளுக்கு நாள் பால் குறைந்து விலாவெலும்பு தெரிய மெலிவதும், கலப்பினப் பசுக்களை வளர்க்கும் குடியானவர் பலர் கண்டிருப்பனவே. அப்பசுவுக்குச் சுரம் இராது, மடிவீக்கம் இராது, கழிச்சலும் இராது. ஆகவே கண்ணேறு பட்டது என்று கயிறு மந்திரிப்போரும், பசு ராசியற்றது என்று குறைந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவோரும் உண்டு. உண்மையில் அப்பசு பட்டினியால் வாடுகின்றது. அதன் உடலில் கொழுப்பு சேர்ந்திருக்கும்போதே அப்பட்டினி நேர்கின்றது என்பதுதான் இதில் வியப்பு. குதிர் நிறைய நெல் இருந்தும் உலையேற்ற வழியின்றி ஒரு குடும்பம் பசித்திருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்வாறு நேர்வது ஏன் என்பதற்குரிய விடை, உயிரணுக்களுக்குள் இடைவிடாது தொழில் புரியும் சிட்ரேட் சிந்தேஸ் என்னும் ஒரு நொதியின் செயலில் பெரிதும் அடங்கியுள்ளது. அதன் இயல்பை ஓரளவு அறிந்துகொண்டால், இந்நோய் வருவதேன், எவ்வாறு தீர்ப்பது, எவ்வாறு வாராமற் காப்பது என்னும் மூன்றும் தாமே விளங்கும்.

உயிரணுவின் அடுப்பு

மாட்டின் உடலும் மனிதர் உடலும் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனவை. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், சிவப்பணு போன்ற சில நீங்கலாக, மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உண்ட ஆகாரம் பிராணவாயுவுடன் கூடி எரிந்து சக்தியாக மாறும் அடுப்புகள் இவையே. மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளிற் சிதைந்து, பெரும்பாலும் இரண்டு கார்பன் அணுக்களைக் கொண்ட அசிட்டைல் என்னும் ஒரே சிறு துண்டாக முடிகின்றன. இத்துண்டு தனியே திரிவதில்லை. கோ-என்சைம் ஏ என்னும் பொருள் அதனைச் சுமந்துகொண்டு அடுப்பின் வாயில்வரை வருகின்றது.

ஆயினும் அசிட்டைல் துண்டு தானாக அடுப்பில் நுழைய இயலாது. ஆக்ஸாலோ அசிட்டேட் என்னும் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட மற்றொரு பொருளுடன் அது சேர்க்கப்படல் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சிட்ரேட்டாக ஆக்குவதே சிட்ரேட் சிந்தேஸ் நொதியின் தொழில். எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலமும் இதுவும் ஒன்றே. சேர்க்கை முடிந்ததும் கோ-என்சைம் ஏ சுமையிறக்கிய வண்டிபோல் விடுபட்டு அடுத்த துண்டை ஏற்றிவரத் திரும்புகின்றது.

இவ்வாறு உண்டான சிட்ரேட் படிப்படியாக மாற்றமடைந்து, ஒரு சுற்றில் இரண்டு கார்பன் அணுக்களைக் கரியமிலவாயுவாக வெளியேற்றிவிட்டு, மீண்டும் நான்கு கார்பன் கொண்ட ஆக்ஸாலோ அசிட்டேட்டாகவே வந்து நிற்கின்றது. செக்கைச் சுற்றும் மாடு புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுபோல இச்சுற்று ஓயாது நிகழ்கின்றது. செக்கில் எண்ணெய் இறங்குவது போன்று இங்குச் சக்தி இறங்குகின்றது. இதயம் துடிப்பதும், தசை இழுப்பதும், மடி பால் சுரப்பதும் அச்சக்தியாலேயே.

இந்நொதியைக் குடியானவர் அறிந்த பொருள் ஒன்றுக்கு ஒப்பிடுவதாயின் நுகத்தடிக்கு ஒப்பிடலாம். அசிட்டைல் துண்டு ஒரு மாடு. ஆக்ஸாலோ அசிட்டேட் மற்றொரு மாடு. நுகத்தடி எவ்வளவு உறுதியானதாயினும் சோடியில் ஒன்று இல்லையேல் ஏர் நகராது.

இவ்வொப்புமை வெறும் அணியன்று. நொதியின் வடிவத்தை ஆராய்ந்தோர் கண்ட உண்மையும் இதனோடு பொருந்துகின்றது. முதலில் ஆக்ஸாலோ அசிட்டேட் வந்து நொதியில் அமர்தல் வேண்டும். அது அமர்ந்த பின்னரே நொதியின் ஒரு பகுதி மடங்கி மூடிக்கொள்ள, அசிட்டைல் துண்டு அமர்வதற்குரிய இடம் செவ்வையாக உண்டாகின்றது. முன்னது வாராவிடின் பின்னதற்கு இடமில்லை. கீட்டோன் நோயை அறிவதற்குரிய திறவுகோல் இதுவே.

அறிவு வளர்ந்த வரலாறு

சிட்ரிக் அமிலத்தை எலுமிச்சைச் சாற்றிலிருந்து 1784-இல் முதன்முதற் பிரித்தெடுத்தவர் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞரான கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. பழத்தின் புளிப்பு என்று மட்டுமே அந்நாளிற் கருதப்பட்ட அப்பொருள், பிராணிகளின் தசையில் நிகழும் சுவாசத்துக்கு நடுநாயகமாக விளங்குவது 150 ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. ஜெர்மனியிலிருந்து 1933-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர், ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜான்சன் என்னும் மாணவருடன் புறாவின் மார்புத் தசையை அரைத்து ஆராய்ந்து, மேற்கூறிய சுற்றினை 1937-இல் வெளியிட்டார். பறக்குந்தொறும் ஓயாது உழைக்கும் தசையாதலின் புறாவின் மார்புத் தசை அவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாயிருந்தது.

ஆயினும் இரண்டு கார்பன் கொண்ட துண்டு யாது, அதனைச் சேர்த்துவைப்பது எது என்பன அப்போது விளங்கவில்லை. பிரிட்ஸ் லிப்மான் என்பவர் கோ-என்சைம் ஏ என்னும் சுமைவண்டியைக் கண்டார். பியோதார் லைனன் என்பவர் அதன்மேல் ஏறிய அசிட்டைல் துண்டினை 1951-இல் தெளிவுபடுத்தினார். ஸ்பெயின் தேசத்திற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த செவேரோ ஒச்சோவாவும் அவருடன் உழைத்த ஸ்டெர்ன் முதலியோரும், இவ்விரண்டையும் இணைக்கும் நொதியைப் பன்றியின் இதயத்திலிருந்து பிரித்துப் படிகமாகவே எடுத்து 1951-இல் அறிவித்தனர். அப்போது அதற்கு இணைக்கும் நொதி என்றே பெயர் வழங்கியது. சிட்ரேட் சிந்தேஸ் என்பது பின்னர் ஏற்பட்ட பெயர். கிரெப்ஸ், லிப்மான் இருவருக்கும் 1953-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்நொதி மைட்டோகாண்டிரியாவின் உட்புறத்தில் நிலையாக இருப்பதனால், ஒரு தசையில் அடுப்புகள் மிகுந்துள்ளனவா குறைந்துள்ளனவா என்பதை அளக்க இதனையே அளவுகோலாகக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளர் வழக்கம். நாள்தோறும் உழைத்துப் பழகிய தசையில் இதன் அளவு கூடுவதும், ஓய்ந்திருக்கும் தசையிற் குறைவதும் மனிதரிடத்தும் எலிகளிடத்தும் அளந்து அறியப்பட்டுள்ளன.

அசைபோடும் பிராணிகளின் தனி நிலை

மனிதர் சோறுண்டால் அதிலுள்ள மாவுப்பொருள் குடலிற் செரித்துக் குளூக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்திற் சேர்கின்றது. மாட்டின் நிலை வேறு. அது தின்னும் புல்லும் வைக்கோலும் தவிடும் முதலில் அசையூண் வயிற்றை அடைகின்றன. அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் மூவகை அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. ஆதலின் குடல் வழியாக மாட்டுக்குக் கிடைக்கும் சர்க்கரை மிகச் சொற்பமே.

ஆயினும் பாலுக்குச் சர்க்கரை இன்றியமையாதது. பாலின் இனிப்பாகிய லாக்டோஸ் குளூக்கோஸிலிருந்தே உண்டாகின்றது. ஒரு லிட்டர் பால் சுரக்கப் பசுவுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளூக்கோஸ் வேண்டும். நாளொன்றுக்கு 15 லிட்டர் கறக்கும் பசு, பாலுக்கென்றே ஒரு கிலோவுக்கு மேல் குளூக்கோஸ் செலவிடுகின்றது. இவ்வளவையும் அதன் ஈரல் புதிதாகச் சமைத்துத் தருதல் வேண்டும். அதற்கு முதன்மையான மூலப்பொருள் மேற்கூறிய மூன்றனுள் ஒன்றாகிய புரோப்பியானிக் அமிலமே. ஈரலில் அது மாற்றமடைந்து ஆக்ஸாலோ அசிட்டேட்டாகிப் பின்னர்க் குளூக்கோஸாகின்றது.

ஆகவே ஆக்ஸாலோ அசிட்டேட்டுக்கு ஈரலில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, நுகத்திற் பூட்டுண்டு அசிட்டைல் துண்டினை அடுப்புக்குள் இழுத்துச் செல்வது. மற்றொன்று, தானே குளூக்கோஸாக மாறிப் பாலுக்குச் செல்வது. தீனி போதியவளவு இருக்குமாயின் இரண்டு வேலைகளும் இடையூறின்றி நடைபெறும். தீனி குறைந்து பால் மிகுந்தால் ஒன்றையொன்று முந்தத் தொடங்கும்.

கொழுப்பிருந்தும் பட்டினி

கன்று ஈன்றபின் பால் விரைவாக ஏறி, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் உச்சத்தை அடைகின்றது. பசுவின் தீனியோ அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. அது உச்சத்தை அடைய இன்னும் சில வாரங்கள் செல்லும். இந்த இடைவெளியிற் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பற்றாக்குறையை ஈடுசெய்கின்றது. ஓரளவுவரை இது இயற்கையே. நல்ல கறவை மாடு ஈன்ற பின் சிறிது மெலிவது நோயன்று.

பால் மிக அதிகமாகவும் தீனி மிகக் குறைவாகவும் இருப்பின் நிலைமை மாறுகின்றது. கரைந்த கொழுப்பு ஈரலுக்கு வெள்ளம்போல் வந்து, அசிட்டைல் துண்டுகளாகச் சிதைந்து குவிகின்றது. அதே வேளையில் ஆக்ஸாலோ அசிட்டேட் குளூக்கோஸ் சமைப்பதற்கு இழுக்கப்படுகின்றது. சிட்ரேட் சிந்தேஸ் நொதி பழுதின்றி இருந்தும் பூட்டுவதற்குச் சோடியின்றி நிற்கின்றது. இடங்கொள்ளாத அசிட்டைல் துண்டுகள் தம்முள் ஒன்றோடொன்று கூடிக் கீட்டோன் பொருள்களாகி இரத்தத்திற் கலக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய அசிட்டோன் மூச்சிலும் பாலிலும் சிறுநீரிலும் பழம் அளிந்தது போன்ற ஒருவகை இனிய நாற்றத்தை உண்டாக்குகின்றது.

கீட்டோன் பொருள்கள் சிறிதளவிற் கேடு செய்வன அல்ல. இதயமும் தசையும் அவற்றை எரித்துப் பயன்கொள்ளும். அளவு மீறும்போதே பசியை அடக்கிவிடுகின்றன. பசி குன்றினால் தீனி குறையும். தீனி குறைந்தால் புரோப்பியானிக் அமிலம் குறையும். அது குறைந்தால் ஆக்ஸாலோ அசிட்டேட் மேலும் அருகும். கீட்டோன் மேலும் பெருகும். கடன்பட்டவன் வட்டி கட்டுவதற்கே மறுகடன் வாங்குவது போன்ற சுழல் இது. எஞ்சிய கொழுப்பு ஈரலிலேயே படிந்து அதனையும் செயலறச் செய்துவிடுவதுண்டு.

கிரெப்ஸ் தாமே 1966-இல் மாட்டின் இந்நோயைப் பற்றி எழுதி, ஈரலின் ஆக்ஸாலோ அசிட்டேட் குளூக்கோஸ் சமைப்பதற்கு இழுக்கப்படுவதே இதன் மூலம் என்று விளக்கினார். பிற்காலத்து ஆராய்ச்சிகள், கொழுப்பு மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழையும் வாயிலும், இன்சுலின் முதலிய சுரப்புகளின் ஏற்றத்தாழ்வும் இதிற் பங்குகொள்வதை எடுத்துக்காட்டியுள்ளன. எவ்வாறாயினும் எல்லாவற்றுக்கும் அடிப்படை, பால் கேட்கும் சர்க்கரைக்கும் தீனி தரும் சர்க்கரைக்கும் இடையே உள்ள பற்றாக்குறையேயாம். இன்சுலின் அற்ற நீரிழிவுக்காரரின் மூச்சிலும் அசிட்டோன் நாற்றம் வீசுவதுண்டு. அங்கு இரத்தத்திற் சர்க்கரை மிகுந்திருந்தும் உயிரணுவுக்குப் பயன்படாமற்போவதால், கொழுப்பு கரைந்து ஈரலிற் குவிகின்றது.

நோயின் குறிகள்

பெரும்பாலும் ஈன்ற 10 நாட்கள் முதல் ஆறு வாரங்கள்வரையுள்ள காலத்தில், அதிகம் கறக்கும் பசுக்களுக்கும் எருமைகளுக்கும் இந்நோய் காணும். முதலில் அடர்தீவனத்தை வெறுக்கும். பின்னரே பசும்புல்லையும் வைக்கோலையும் குறைக்கும். பால் சில நாட்களில் வெகுவாகக் குறையும். சாணம் இறுகி வறண்டிருக்கும். மயிர் பொலிவிழக்கும். முதுகு வளைந்து சோர்ந்து நிற்கும். சில மாடுகள் மதிமயக்கங் கொண்டனபோல் சுவரையும் தொட்டியையும் தம் உடலையும் ஓயாது நக்குவதும், வாயில் ஒன்றுமின்றி மெல்லுவதும், தள்ளாடுவதும், வட்டமிடுவதும், முட்ட வருவதும் உண்டு. இவற்றைக் கண்டு வெறிநாய் கடித்ததோ என்று அஞ்சுவோருமுளர். வெறிநோயும் இவ்வாறு தோன்றக்கூடுமாதலின், ஐயம் உள்ளபோது மாட்டின் வாய்க்குள் கையிடாது மருத்துவரை அழைப்பதே தக்கது.

சிறுநீரிலோ பாலிலோ கீட்டோன் உள்ளதா என்பதை 1908-இல் ரொதேரா என்பவர் அமைத்த சோதனையால் எளிதில் அறியலாம். மருந்துப்பொடியோடு சில துளிகள் சேர்ந்ததும் ஊதாநிறம் தோன்றினால் கீட்டோன் உண்டு என்பது பொருள். கால்நடை மருத்துவர்கள் இதனைக் கொட்டிலிலேயே செய்து பார்க்கக்கூடும். குறிகள் வெளித்தோன்றாமலே கீட்டோன் ஏறி, பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருக்கும் மறைநிலையும் உண்டு. மருந்துச் செலவினும் இவ்விழப்பே குடும்பத்துக்குப் பெரிது. இவ்வாறு வாடிய பசு மீண்டும் பருவத்துக்கு வந்து சினைப்படவும் காலதாமதமாகும்.

தீர்க்கும் முறை

நுகத்தில் இல்லாத மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவதே சிகிச்சையின் நோக்கம். முதலாவது, கால்நடை மருத்துவர் குளூக்கோஸ் கரைசலை இரத்தக்குழாயில் ஏற்றுவார். ஈரலின் சுமை அந்நேரமே குறைந்து, சில மணி நேரத்தில் பசு தீனியை நோக்கித் திரும்புவதுண்டு. ஆயினும் இதன் பயன் நெடுநேரம் நில்லாது. ஆதலின் இரண்டாவதாக, புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான திரவத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 மில்லி வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள்வரை வாய்வழியாகப் புகட்டுவர். இதில் ஒரு பகுதி அசையூண் வயிற்றிற் புரோப்பியானிக் அமிலமாக மாறுகின்றது. மற்றொரு பகுதி நேரே ஈரலை அடைந்து குளூக்கோஸாகின்றது. அளவும் நாட்களும் மருத்துவர் சொற்படியே அமைதல் வேண்டும். புகட்டுங்கால் மாட்டின் தலையை மிக உயர்த்திப் பிடித்தலும் நாவை இழுத்தலும் கூடா. திரவம் நுரையீரலிற் புகுந்தால் நோயினும் கொடிய தீங்கு நேரும்.

பசு சர்க்கரைக்கு வாடுகின்றது என்று கேட்டதும் வெல்லத்தைக் கரைத்துப் புகட்டப் பலர் முற்படுவர். இது நல்லெண்ணத்தாற் செய்யப்படினும் எண்ணிய பயனைத் தருவதில்லை. வாய்வழியே சென்ற வெல்லத்தின் பெரும்பகுதி அசையூண் வயிற்று நுண்ணுயிர்களாற் புளித்து அமிலங்களாகிவிடுமேயன்றிச் சர்க்கரையாக இரத்தத்தை அடையாது. அவ்வமிலங்களில் ஒன்றாகிய பியூட்டிரிக் அமிலமோ தானே கீட்டோனாக மாறும் இயல்புடையது. மிகுதியாகக் கொடுத்தால் வயிறும் புளித்துப் பசி மேலும் கெடும். மனிதரின் களைப்பை நீக்கும் பானகம் மாட்டுக்கு மருந்தாகாமைக்குக் காரணம் இதுவே.

கோபால்ட் என்னும் தாதுப்பொருளும் இங்குக் கருதத்தக்கது. அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு பி-12 என்னும் வைட்டமினை உண்டாக்குகின்றன. புரோப்பியானிக் அமிலம் ஈரலில் மேற்கூறிய சுற்றிற் சேர்வதற்கு அவ்வைட்டமின் வேண்டும். ஆதலின் தாது உப்புக் கலவையை நாள்தோறும் தீவனத்திற் சேர்த்தல் வீண்செலவன்று.

வாராமற் காக்கும் முறை

நோய் கண்டபின் ஓடுவதினும், ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்கும் கவனிப்பே சிறந்தது. ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன் பாலை வற்றச் செய்தல் வேண்டும். அக்காலத்திற் பசு மெலிந்தும் இருத்தலாகாது, கொழுத்தும் இருத்தலாகாது. விலாவைச் சற்று அழுத்தித் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் தனித்தனியே தெரிதல் கூடாது. சினைமாட்டைக் கொழுக்க வைப்பது அன்பென்று கருதுவோர் உளர். ஈன்றபின் அக்கொழுப்பே ஒருங்கே கரைந்து ஈரலை மூழ்கடிக்கும். மேலும் கொழுத்த பசு மெலிந்ததனினும் குறைவாகவே தின்னும்.

ஈனுவதற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, பின்னர்க் கொடுக்கவிருக்கும் அடர்தீவனத்தையே நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவிற் கொடுக்கத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துதல் நலம். இதனால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தானிய உணவுக்குப் பழகிக்கொள்ளும். ஈன்றபின் பால் ஏறுவதற்கேற்ப இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை அரைக் கிலோ வீதம் கூட்டிவரலாம். திடீரென்று குவித்தால் வயிறு புளித்துவிடும். உடற்பராமரிப்புக்கு ஒரு கிலோவும், அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் என்பது பொதுவாகக் கொள்ளும் கணக்கு. மக்காச்சோளம், கம்பு, சோளம் போன்ற தானியங்கள் புரோப்பியானிக் அமிலத்தைப் பெருக்குவன. புண்ணாக்கை மாத்திரம் அள்ளியிட்டுத் தானியத்தைக் குறைப்பதால் இக்குறை தீராது. பசும்புல்லும் தண்ணீரும் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். குளம்பு நோவு, மடிநோய், நஞ்சுக்கொடி தங்குதல் முதலியன பசியைக் குறைத்து இந்நோய்க்கு வாயில் திறப்பனவாதலின் அவற்றை உடனே கவனித்தல் இன்றியமையாதது.

செம்மறியாடும் வெள்ளாடும் வளர்ப்போர்க்கும் இவ்விஷயம் உரியதே. இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் ஆடு, சினையின் கடைசி மாதத்திற் போதிய தீனி இல்லையேல் இதே காரணத்தாற் சோர்ந்து, பார்வை மங்கி, எழ மாட்டாமல் மடிந்துபோவதுண்டு. அம்மாதத்தில் சிறிது தானியம் இடுவதே அதற்குக் காப்பு.

நுகத்திற் புகுந்த பொய்ம்மாடு

கீட்டோன் நோயில் சோடியின்றி நுகம் வறிதே நிற்கின்றது. இதற்கு மாறாகப் பொய்யான மாடொன்று நுகத்திற் புகுந்தால் நேரும் கேட்டினைத் தென்னாப்பிரிக்கக் குடியானவர் கண்டறிந்தனர். அந்நாளில் டிரான்ஸ்வால் எனப்பட்ட பகுதியிலும் அதனை அடுத்தும் கிப்ளார் என்னும் சிறுசெடி வளர்கின்றது. நச்சிலை என்பதே அப்பெயரின் பொருள். அதன் தண்டுகள் நிலத்தினடியில் ஆழ்ந்து பரவியிருப்பதனால், குளிர்காலம் முடிந்து மழை பெய்யுமுன்னரே, புல் முளைக்காத வெறுநிலத்தில் அது மாத்திரம் பசுமையாகத் தளிர்க்கும். பசித்த மாடுகள் அதனைத் தின்று, பின்னர் நீரருந்தும்போதோ விரட்டப்படும்போதோ திடீரென்று விழுந்து மாயும்.

பிரிட்டோரியாவை அடுத்த ஆண்டர்ஸ்டெபூர்ட் கால்நடை ஆராய்ச்சிச் சாலையில் மாரே என்னும் இரசாயனர், அவ்விலையின் நஞ்சு புளோரோ அசிட்டேட் என்பதை 1944-இல் அறிவித்தார். அசிட்டேட்டில் ஓர் ஐட்ரஜன் அணுவுக்குப் பதில் புளோரின் அணு அமர்ந்திருப்பதே அதன் வேறுபாடு. இங்கிலாந்தின் ருடால்ப் பீட்டர்ஸ் முதலியோர் ஆராய்ந்தபோது புதிர் ஒன்று தோன்றியது. புளோரோ அசிட்டேட் சோதனைக் குழாயில் எந்த நொதியையும் கெடுக்கவில்லை. உயிருள்ள உடலிலேயே கொல்லுகின்றது. காரணம் பின்னர் விளங்கிற்று. கோ-என்சைம் ஏ அதனை உண்மையான அசிட்டைல் துண்டென்றே கருதிச் சுமந்து வருகின்றது. சிட்ரேட் சிந்தேஸும் வேறுபாடறியாது அதனை ஆக்ஸாலோ அசிட்டேட்டோடு பூட்டிப் புளோரோ சிட்ரேட்டை உண்டாக்கிவிடுகின்றது. அடுத்த படியிலுள்ள அக்கோனிட்டேஸ் என்னும் நொதியை அப்பொருள் அடைத்து நின்றுவிட, சுற்று முழுதும் தடைப்படுகின்றது, சிட்ரேட் தேங்குகின்றது, இதயம் நிற்கின்றது. உடல் தன் கையாலேயே தனக்கு நஞ்சு சமைத்துக்கொள்ளும் இந்நிகழ்ச்சிக்குப் பீட்டர்ஸ் 1951-இல் கொல்லும் ஆக்கம் என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார்.

மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இந்நஞ்சுடைய செடிகள் உண்டு. அங்கு 19-ஆம் நூற்றாண்டிற் குடியேறியோரின் ஆடுமாடுகள் பல அவற்றால் மாண்டன. புளோரின் பிணைப்பைச் சிதைக்கும் ஆற்றலை அசையூண் வயிற்று நுண்ணுயிர் ஒன்றிற் புகுத்தி ஆடுகளைக் காக்கலாம் என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1998-இல் காட்டினர். இதே நஞ்சு 1940-களில் அமெரிக்காவில் எலி மருந்தாகவும் பயன்படத் தொடங்கிற்று.

கிப்ளார் தமிழ்நாட்டுச் செடியன்று. ஆயினும் அதன் படிப்பினை இந்நாட்டுக்கும் உரியது. வாட்டம் கண்ட இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வீழ்வதை இங்குள்ளோர் அறிவர். அதிலுள்ள நஞ்சு வேறாயினும், அதுவும் இதே மைட்டோகாண்டிரிய அடுப்பை அதன் கடைசிப் படியில் அவிப்பதே. இரண்டிடத்தும் கேட்டுக்கு முதற்காரணம் பசித்த மாட்டை அறியாத பசுமையில் விடுவதாகும். கோடைக்காலத்தில் மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் சிறிது வைக்கோல் தின்ன விடுதல் எளிய காப்பாம்.

கிராமத்தார் செய்யத்தக்கன

கறவை மாடுகள் மிகுந்த ஊர்களில், எந்தப் பசு எந்நாளில் ஈன்றது என்னும் குறிப்பினை ஊராட்சியோ பால் கூட்டுறவுச் சங்கமோ வைத்திருப்பின், ஈன்ற இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் பாலையோ சிறுநீரையோ சோதிக்கக் கால்நடை மருத்துவருக்கு வழி எளிதாகும். சங்கத்துக்கு வரும் பாலின் அளவு ஒரு வீட்டில் திடீரென்று குறைந்தால் அதனை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுதலும் நன்று. மாடு விற்பனைக்கு வருமுன் நோய் தெரிந்தால், ஓர் ஏழைக் குடும்பத்தின் முதல் காப்பாற்றப்படும்.

சிட்ரேட் சிந்தேஸ் தன் தொழிலில் ஒருபோதும் சோம்புவதில்லை. பூட்டுதற்கு வந்ததை அது பூட்டுகின்றது. வாராதபோது காத்து நிற்கின்றது. அதன்முன் என்ன வந்து சேர்கின்றது என்பது தீனித்தொட்டியில் என்ன இடப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. ஈனுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன் அத்தொட்டியில் இடும் ஒரு கிலோ தானியம், ஈன்ற மூன்றாம் வாரத்தில் மருந்துக்குச் செலவிடும் பணத்தைவிட மிகச் சிறிது.